இரவல் கொடுத்த அட்டிகை

இன்று ஆபீஸுக்கு அரை நாள் மட்டம் போட்டுவிட்டு, வைட்ஃபீல்டிலிருந்து ஒக்கலிபுரம் போனேன்.

ஒரு காலத்தில் நாடக மேடையை ஆட்டிப் படைத்த பாடகி அங்கேதான் இருக்கிறார். அவர் எப்போதோ விற்ற கல் அட்டிகை இப்போது என் சேகரிப்பில் இருக்கிறது. மாலையில் அவருக்குப் பாராட்டு விழா. அதை ஒரே ஒரு தடவை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்.

கழுத்தில் மாட்டிவிடும்போது, "பாத்து இருங்கம்மா, கொக்கி லூஸ். வேர்வை பட்டா கல்லு மங்கிடும்" என்றேன்.

"என் வேர்வை அதுக்குப் பழக்கம்தான் கண்ணு" என்று சிரித்தார்.

விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அவர் பாடினார். நான் அட்டிகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மேடையிலிருந்து இறங்கியதும், வீடு போய்ச் சேரும்வரைகூடக் காத்திருக்காமல், அவரே அதைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"பாவம், பயந்துகிட்டே உக்காந்திருந்த. எல்லாக் கல்லும் இருக்குதா பாத்துக்கோ."

கூனிக் குறுகிப் போனேன். ஆனாலும் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்து நாற்காலிக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஹாலில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர் என்ன பாடினார் என்று எனக்குச் சொல்லுங்கள்.