தொடையில் இருந்த கட்டு

என் ராணுவ அனுபவப் புத்தகம் வெளியான பிறகு என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லாரையும் நான் சந்தேகமாகவே பார்க்கிறேன். இருபத்தைந்து வருடம் எல்லையில் காவல் நின்றவனுக்கு வேறு பார்வை வராது. ஒருவர் மகனை ராணுவத்தில் சேர்த்துவிடச் சொல்வார். இன்னொருவர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டு, ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லித் துண்டுச் சீட்டு அனுப்புவார்.

போன மாதம், அபிராமம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கடலாடியில் என் வீட்டுக்கு வந்தார். கையில் என் புத்தகம். போர்முனையில் என் பக்கத்தில் குண்டடிபட்டுச் செத்தவனின் அண்ணன். அன்று சவப்பெட்டியோடு அவர்கள் ஊருக்குப் போனது நான்தான். அதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். கொடுத்த டீயை அவர் தொடவில்லை. வழக்குப் போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். "தம்பி, இங்கன என்ன எழுதியிருக்கீக?"

"குண்டு பட்ட ஒடனே உயிர் போயிருச்சுன்னு."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீக. நாந்தான் அவனக் குளிப்பாட்டுனேன். தொடையில ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு கட்டு இருந்துச்சு. செத்தவனுக்கு யாரு தம்பி கட்டுப் போடுவா?"

உடலோடு ஊருக்குப் போகிறவன், வலி தெரியாமல் போனான் என்றுதான் வீட்டாரிடம் சொல்வான். யாரும் உத்தரவு போட்டதில்லை, எங்களுக்குள் அப்படி ஒரு பழக்கம். புத்தகத்திலும் அதையே எழுதிவிட்டேன். அன்று பெட்டியில் வைக்கும் முன் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

"இத்தன வருசமா மனச அரிக்கிது. அவன ஒத்தையில விட்டுட்டு ஓடிட்டீகளா?"

கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தோன்றியது.

"இல்லண்ணே, கூடவேதான் இருந்தேன்" என்றேன். அடிபட்டவனுக்கு அவன் பையில் இருக்கும் கட்டைத்தான் முதலில் போடுவோம். அது போதாமல் என்னுடையதையும் போட்டதை, ரத்தம் நிற்காததை, எதிரிகள் சுட்டுக்கொண்டே இருந்ததால் அவனைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்க முடியாததை, இரண்டு மணி நேரம் உயிர் இருந்ததை எல்லாம் சொன்னேன். வீட்டாருக்கு வலிக்கக் கூடாது என்றுதான் அன்று மாற்றிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "கடைசியா என்ன சொன்னான்?" என்றார்.

"ஒங்களத்தான் கேட்டான். அண்ணனக் கூப்பிடு, அண்ணனக் கூப்பிடுன்னு."

அது உண்மை. ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

அவர் புத்தகத்தை மூடினார். என் முகத்தையே பார்த்தார்.

"இதுவும் எனக்கு வலிக்கக் கூடாதுன்னு சொல்றதுதான, தம்பி?"