கோழி ஈரலும் கோல்ஃப் குழியும்

காலர் வைத்த டீ-ஷர்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதுதான் என் தொழில். வாங்குகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு கோல்ஃப் ஆடுகிறார்கள் என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒருமுறை ஆர்டர் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வந்த பையர், "நீங்கள் ஆடுவதுண்டா?" என்று கேட்டார். "ஓ, உண்டே" என்றேன். ஆர்டர் வருமென்றால் திருப்பூர்க்காரன் எதற்கும் ஓ போடுவான். அப்புறம் கற்றுக்கொள்ளாமல் முடியுமா? கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கிற மைதானத்துக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால், என் சகலை பூபதியையும் கூட்டிக்கொண்டு போனேன். வினையை நானே காரில் ஏற்றிக்கொண்டு போனேன் என்று சொல்ல வேண்டும்.

பூபதி என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். குளிர்காலச் சட்டைக்கான ஃபிளீஸ் துணிக்குப் பஞ்சு எழுப்பிக் கொடுக்கிற யூனிட் வைத்திருக்கிறார். ஆர்டர் வந்தால் நானும் அந்தத் துணியில் தைப்பதுண்டு. ஞாயிறு காலை ஆட்டம் முடிந்ததும் இருவரும் நேரே அவிநாசியில் மாமனார் வீட்டுக்குப் போவோம். அங்கே நாட்டுக்கோழிக் குழம்பு. ஒரு கோழி, ஒரு ஈரல். அன்றைக்கு ஜெயித்தவர் இலைக்குத்தான் ஈரல் என்று மாமியார் விளையாட்டாக ஆரம்பித்தது, பிறகு சட்டமாகிவிட்டது. மூன்று வருஷமாக அந்த ஈரல் பூபதியின் இலையை விட்டு நகரவில்லை. சகலை உள்ளவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். எனக்கு ஈரல் பெரிதில்லை. அது பக்கத்து இலையில் விழுகிறபோது கேட்கிற சத்தம்தான் பொறுக்கவில்லை.

நெட்டை அடி, குட்டை அடி

முதல் அடியில் நான்தான் ராஜா. தட்டினால் பந்து எங்கேயோ போய் விழும். பூபதி அடிப்பது என் பந்துக்குப் பாதி தூரம் வந்தால் அதிகம். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பேன். குழியை நெருங்கிய பிறகுதான் கதை மாறும். அங்கே பந்தை மெல்லத் தூக்கிப் போட்டு உருள விட வேண்டும். அதற்கு 'சிப்' என்று பெயர். பூபதி சிப் அடித்தால், பந்து பூனை மாதிரி இறங்கி, ஓடி, கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் அடித்தால் பந்து தரையோடு பறந்து, அந்தப் பக்கத்து மணல் குழியில் விழும். அங்கிருந்து அடித்தால் மறுபடி இந்தப் பக்கம் வரும்.

ஒருநாள் ஒரே குழிக்கு இப்படி மூன்று தடவை அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்தேன். பூபதி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். எங்கள் மட்டைப் பையைத் தூக்கி வருகிற மணியிடம், "யாருடைய ஆட்டம் நல்லா இருக்குது, உண்மையைச் சொல்லு" என்றேன்.

"நீங்க அடிக்கறது பாக்க நல்லா இருக்குதுங்க சார். அவரு அடிக்கறது குழிக்குள்ள போகுதுங்க."

உள்ளங்கை

புல்லை ஒட்ட வெட்டிய பச்சைத் திட்டுக்கு வந்துவிட்டால் பூபதிக்கு ஒரு பழக்கம். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் புல்லை ஒரு தடவு தடவுவார். ஃபிளீஸ் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இந்தக் கை வரும். பஞ்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்க்காமல் துணியை வெட்டவே மாட்டோம். மாற்றி வெட்டினால் ஒரே சட்டையில் முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் ஒரு நிறமாகத் தெரியும். புல்லும் அப்படித்தானாம். சாய்ந்த பக்கம் பந்து ஓடும், எதிர்ப்பக்கம் தயங்கும். இது எனக்குத் தோன்றாமல் இந்த மனிதருக்குத் தோன்றிவிட்டதே என்று வயிறு எரிந்தது.

போனில் விதிகளைத் தோண்டினேன். தடவிப் பார்ப்பது குற்றம்! எங்களுடையது குழிக்குக் குழி போட்டி, குறைந்த அடியில் பந்தைப் போட்டவருக்கு அந்தக் குழி. தடவினால் அந்தக் குழி எதிராளிக்கு. அடுத்த ஞாயிறு முதல் குழியிலேயே பூபதி கையை வைத்தார். நான் போனை நீட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "தெரியாமப் போச்சுங்ணா. இந்தக் குழி உங்களுதுதானுங்" என்றார். அதற்குப் பிறகு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி நின்று புல்லின் நிறத்தை மட்டும் பார்த்தார். ஒரு பக்கம் வெளிறியும் மறுபக்கம் கறுத்தும் தெரியுமாம். கண்ணாலேயே ஜெயித்துவிட்டார். ஈரல் வழக்கமான இலைக்கே போனது. நான் விதி சொல்லிக் கொடுத்த கதையை அவரே பெருமையாக எடுத்துச் சொல்ல, மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் மாப்ள, நீங்க பேசாம வாத்தியாரு வேலைக்குப் போயிருக்கலாமுங்."

வீட்டு நியாயம்

என் மனைவி கவிதா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு திங்கட்கிழமை நான் காபியை ஆறவிட்டு, கரண்டியால் சிப் அடிக்கிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, ஈரலுக்குத்தானே இந்தப் பாடு? நாளைக்கு நானே ஒரு கிலோ வாங்கி வறுத்துத் தர்றனுங்க, எந்தங்கச்சி ஊட்டுக்காரரை விட்ருங்க."

குடோன் மைதானம்

விடுவதாவது! நல்லூரில் இருக்கிற என் குடோனில், ஆர்டர் ரத்தாகிக் கிடந்த ஒரு ஃபிளீஸ் ரோலைப் பஞ்சுப்பக்கம் மேலே வரும்படி விரித்தேன். நூல் தீர்ந்த கோன் ஒன்றை நட்டுவைத்தேன், அதுதான் கொடி. ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் தினமும் பயிற்சி. பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று மணிக்கட்டைச் சுழற்றுவதுதான் என் வியாதி என்று மெல்ல மெல்லப் புரிந்தது. எடையை முன்காலில் வைத்து, கையை முன்னால் விட்டு, பந்தைக் கீழ்நோக்கித் தட்டினால் அது தானாக எழும்புகிறது. கோனைப் பார்க்காமல், பந்து எங்கே விழ வேண்டுமோ அந்த இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். ஒரு நாள் பந்து 'டப்'பென்று எழுந்து, நான் நினைத்த இடத்தில் விழுந்து, உருண்டு போய்க் கோனைத் தொட்டு நின்றது. அந்த நிமிஷம் பூபதியும் இல்லை, ஈரலும் இல்லை. இந்த ஆட்டத்தை எதற்கு ஆடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆளில்லாத குடோனில் கைகொட்டிச் சிரித்தேன்.

ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் துணியைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். என் குடோனில் எவன் விதி பேசப்போகிறான்? இரண்டு மாதத்தில் பத்தில் ஏழு கோனுக்குப் பக்கத்தில் நின்றன. ரத்தான ஆர்டர் திரும்ப உயிர் பெற்று வந்ததை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. கட்டிங் மாஸ்டர் ரங்கசாமி வந்து ரோலைப் புரட்டிப் பார்த்தார்.

"பந்து நல்லாத்தான் போகுதுங் சார். துணியில விழுந்திருக்கிற தழும்பை மட்டும் பையருகிட்ட நீங்களே சொல்லிருங்க."

ஈரல்

போன மாதம் ஒரு ஞாயிறு. கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமம். பூபதி ஐந்து அடியில் முடித்தார். கடைசிக்கு முந்தின அடியில் அவர் பந்து குழியின் விளிம்பில் நின்றுவிட்டது. என் பந்து மணல் குழிக்குப் பக்கத்தில், நான் இரண்டு அடிதான் அடித்திருந்தேன். குடோனை நினைத்துக்கொண்டு சிப் அடித்தேன். நினைத்த இடத்தில் விழுந்து, கொடியைத் தாண்டி நாலடி தூரத்தில் நின்றது. "அருமைங்ணா!" என்றார் பூபதி. இன்னும் ஒரே உருட்டு. உள்ளே போனால் ஈரல்.

குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். புல் ஜில்லென்று இருந்தது. இதில் என்ன என்கிறீர்களா? ஜில்லென்று இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? என் உள்ளங்கை புல்லின் மேல் இருந்தது. ஒரு தடவு தடவியும் முடித்திருந்தது. திடுக்கிட்டுத் திரும்பினேன். மணி கொடியோடு அந்தப் பக்கம் திரும்பி நின்றான். பூபதி குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. மூன்று வருஷத்து ஈரல் குறுக்கே நின்று தடுத்துவிட்டது. எழுந்து தட்டினேன். பந்து குழிக்குள் விழுந்த சத்தம் இருக்கிறதே, அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

அவிநாசியில் மாமனார் கேட்கும் முன்னாலேயே நான் ஜெயித்துவிட்டதாக அறிவித்தேன். மாமியார் ஈரலை என் இலையில் வைத்தார். எடுத்து வாயருகே கொண்டுபோனபோது வாசல் பக்கம் கண் போனது. என் ஷூவும் பூபதியின் ஷூவும் ஜோடியாகக் கிடந்தன. அவருடையதில் லேஸே கிடையாது. ஒட்டுகிற பட்டைதான்.

நான் பூபதியைப் பார்த்தேன். அவர் நிமிராமல் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"சாப்பிடுங்ணா, ஆறிப்போயிரும்."

இத்தனை நாளும் அவருடைய கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன், இனி குணத்தையும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது. அதற்கு எந்தக் குடோனில் துணி விரித்துப் பழகுவது என்றுதான் தெரியவில்லை.