கிணறு கேட்டார்கள், சுரங்கம் கொடுத்தோம்

இன்று காலை உலகம் மயிரிழையில் தப்பியது. சாட்சி நான்.

ஒன்றாம் வகுப்பில் களிமண், தீப்பெட்டி, நூல் கொண்டு கிணறு செய்து வரச் சொல்லியிருந்தார்கள். என் தங்கை மகள் ரோஜாவும் நானும் செய்தோம். உயரமான கோபுரம், சக்கரம், ஆட்களை இறக்கும் கேஜாகத் தொங்கும் தீப்பெட்டி, உள்ளே களிமண் ஆள். சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த ஆழம் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்தானே!

ஊருக்குப் புதிய டீச்சர் கேட்டார்: "வாளி எங்கம்மா? இது யாரு?"

"எங்கப்பா மிஸ். ஷிப்டுக்கு எறங்குறாரு."

டீச்சர் சக்கரத்தைச் சுற்றினார். கேஜ் பாதியில் சிக்கிக்கொண்டது.

ரோஜா வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். "இன்னா மாமா, அப்பா மேல வரலியே!"

என் நெஞ்சில் நானூறு யானைகள் ஓடின.

டீச்சர் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, நகத்தால் சிக்கெடுத்து, மெல்ல மேலே இழுத்தார். வகுப்பே கை தட்டியது.

ரோஜா தட்டவில்லை. களிமண் ஆளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அப்பாவுக்கு இன்னிக்கு லீவு மிஸ்."

நிஜ மச்சானுக்கு லீவு இல்லை, மதிய ஷிப்டில் இறங்கிவிட்டார். அவர் மேலே வரும்வரை மாவீரனாகிய நான் சுரங்க கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டே இருக்கப்போகிறேன். துணைக்கு யார் வருகிறீர்கள்?