சீர்த்தட்டில் விரித்த இலை

குரோட்டன்ஸ் என்றால் எனக்குப் பைத்தியம். அரிமளத்தில் எங்கள் வீட்டு வாசலில் மஞ்சளும் சிவப்புமாக, பச்சையில் வெள்ளை தெறித்ததாக, முப்பது செடிக்குக் குறையாமல் நிற்கும். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு கொப்பு ஒடித்துக்கொண்டுதான் திரும்புவேன். "எழவு வீட்டுக்குப் போனாலும் இவ கண்ணு செடி மேலதான்" என்பார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த வெயிலில் ஒன்றைப் பிழைக்க வைத்துப் பார்த்தால் தெரியும்.

போன வருஷம் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளைக்கு மூன்று வயது. தாய்மாமன் சீர் எங்களுடையது. எங்கள் பக்கத்தில் தட்டுகளை வைத்துத்தான் மாமன் வீட்டை எடைபோடுவார்கள். எல்லாரும் தட்டில் வாழை இலை விரிப்பார்கள். எனக்குத்தான் எதிலும் தனியாகத் தெரிய வேண்டுமே! குரோட்டன்ஸ் இலை குறுகல், லட்டு நிற்காது. அதனால் அவற்றுக்கு நடுவில் நின்ற வேறு சாதி, வெள்ளை தெறித்த அகல இலைச் செடியில் கை வைத்தேன். வெட்டினால் வடிகிற பால் பட்ட இடம் அரிக்கும் என்பது எனக்குத் தெரியும். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டுதான் வெட்டினேன். கழுவித் துடைத்தால் போதும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயில். மேளத்தோடு தட்டுகள் போனபோது, "எலையே பூ மாதிரி இருக்கே, எங்கிட்டு வாங்குனீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். பிள்ளை அலறியது. ஒரு லட்டை உடைத்துக் கையில் கொடுத்து, பந்தலுக்குள் தட்டுகளுக்குப் பக்கத்தில் பாயில் உட்காரவைத்தோம். அழுகை நின்றது. நாங்கள் பந்தியைக் கவனிக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது மறுபடி அழுதுகொண்டிருந்தாள். காது வலி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நாத்தனார் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள். பிள்ளையின் வாயிலிருந்து எச்சில் ஒழுகி அவள் ரவிக்கை நனைந்தது. உதடு வீங்கியிருந்தது. வாயைத் திறந்து அழுகிறாள், சத்தம் வரவில்லை.

"கண்ணு பட்டுருச்சு. மொளகா எடுங்க" என்றார் என் மாமியார்.

பாயைப் பார்த்தேன். தட்டில் லட்டுகள் கலைந்து கிடந்தன. ஒரு இலை கீழே கிடந்தது. அதன் ஓரத்தில் சின்னப் பல் பதிந்து ஒரு துண்டு காணோம். தாய்மாமன் சீரில் விஷம் வைத்தாள் என்று ஊர் பேசும், வீட்டுக்காரர் இனி தங்கச்சி வாசலை மிதிக்க முடியாது. பிள்ளை மூச்சுக்கு அல்லாடும்போது எனக்கு இதுதான் முதலில் தோன்றியது. குனிந்து இலையை எடுத்து, மடித்து, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

மாமியார் மிளகாயும் உப்பும் எடுத்து மூன்று சுற்று சுற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மிளகாயை நெருப்பில் போட்டதும் நெடி கிளம்பியது. எல்லாரும் இருமினோம். பிள்ளையும் இருமப் பார்த்தது. முடியவில்லை. முகம் கருத்து, கழுத்து நரம்பு புடைத்தது.

"எலையைக் கடிச்சிருக்கா. காரை எடுங்க!" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை ஏறி, அப்படியே நின்றுவிட்டது போலிருந்தது. அப்போது எனக்கு வந்த பயத்தை எந்தச் சாமியிடமும் சொல்லி அழ முடியாது.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்து, "என்ன சாப்பிட்டுச்சு?" என்றார். கைப்பையைத் திறந்து இலையை நீட்டினேன். உடனே ஊசி போட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள். "எலையைக் கையோட கொண்டாந்தது நல்லதாப் போச்சு. இல்லாட்டி என்ன ஏதுன்னு தேடிக்கிட்டு இருந்திருப்போம்" என்றார். இரண்டு நாள் அங்கேயே கிடந்தோம். மூன்றாம் நாள் காலையில் கரகரப்பாக "அம்மா" என்றாள்.

விவரம் தெரியாமல் விரித்துவிட்டேன் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். வீடு திரும்பிய அன்றே அந்தச் செடியைத் தூரோடு தோண்டிக் குழியில் போட்டு மூடினேன்.

நாத்தனார் இப்போதும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். "அண்ணி மட்டும் பாக்கலேன்னா எம்புள்ளையப் பொதச்சிருப்பேன்." பிள்ளை "அத்தை" என்று ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்ளும். நான் அதன் தலையைத் தடவிக்கொண்டே பேச்சை மாற்றுவேன். மூன்று சுற்றும் முடிகிறவரை நான் வாயைத் திறக்கவில்லை என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.