வெள்ளைக்கார மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி

கோடைக்காலம் வந்தால் என் கணவன் மார்க்கோ என்னைவிடக் கறுத்துவிடுவான். ஆனாலும் நியூஜெர்சியில் பல் டாக்டரிடம் போகும்போது படிவத்தில் 'வெள்ளையர்' என்ற கட்டத்தில்தான் டிக் போடுவான். பல்லைக் காட்ட வந்தவர்களிடம் இனத்தை ஏன் கேட்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வந்த புதிதில் அது நிறத்தைப் பற்றிய கேள்வி என்று நினைத்து, "ரொம்பக் கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை, நடுவாந்தரம், அதற்கு எந்தக் கட்டம்?" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் ஆறுதலாகச் சிரித்து, பல்லை வெளுக்க வைக்கவும் டாக்டரிடம் மருந்து இருக்கிறது என்றாள்.

மார்க்கோ பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவன். இந்த நாட்டில் ஆரம்பகாலச் சட்டங்களில், ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் தங்களைக் 'கிறிஸ்தவர்' என்றுதான் எழுதினார்களாம். அடிமைகளும் ஞானஸ்நானம் வாங்க ஆரம்பித்ததும் அந்தச் சொல் வேலைக்கு ஆகாமல் போய், 'வெள்ளையர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்களாம். அந்தச் சொல்லுக்குள் யார் யார் வரலாம் என்பது பிறகு காலத்துக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சிசிலித் தீவிலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மார்க்கோவின் கொள்ளுத்தாத்தாவை யாரும் முழு வெள்ளையராக மதிக்கவில்லை. கத்தோலிக்கக் கோயிலில் மேலே இடம் கொடுக்காமல், பேஸ்மென்ட் என்கிற நிலவறையில் தனிப் பூசை வைத்தார்கள். அவர் பிள்ளைகள் நல்ல வேலைக்குப் போய், கறுப்பர்களுக்கு வீடு விற்காத தெருவில் வீடு வாங்கிய பிறகு வெள்ளையர் ஆகிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது மார்க்கோவுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஞானஸ்நானம் வாங்கியும் தனியாக உட்காருவது எங்களுக்குப் புதிதா என்ன?

செய்யூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில், அப்பா சின்ன வயதில் இடது ஓரத்தில் தரையில்தான் உட்கார வேண்டும். நிலம் வைத்திருந்தவர்கள் நடுவில். அவர்கள் நிலத்தில் கூலிக்குப் போன எங்கள் தெருக்காரர்கள் ஓரத்தில். அங்கிருந்து பார்த்தால் தூண் மறைத்துப் பீடம் பாதிதான் தெரியும். இப்போது யாரும் எங்கேயும் உட்காரலாம். ஆனால் முன்னால் போட்டிருக்கும் நாலு நாற்காலிகளில் மட்டும் எங்கள் தெரு ஆள் உட்கார்ந்ததில்லை. கல்பாக்கத்தில் பிளம்பராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அந்த நாற்காலிமேல் ரொம்ப நாளாக ஒரு கண். நான் வேறு சாதிப் பையனைச் சொல்லியிருந்தால் நாலு மாதம் பேசாமல் இருந்திருப்பார். மார்க்கோவைப் பற்றிச் சொன்னதும் உடனே சரி என்றுவிட்டார். வெள்ளைக்காரனுக்குச் சாதி கிடையாதாம். சந்தோஷப்பட வேண்டிய எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு வேண்டியது மார்க்கோவா, அவனுடைய வெள்ளையா?

நியூஜெர்சியில் கல்யாணம் முடிந்து ஊருக்கு வந்தவர்கள் முதலில் மாமல்லபுரத்தில் நாலு நாள் தங்கினோம். மார்க்கோ பலகையில் நின்று அலைமேல் சறுக்குகிறேன் என்று கடலைவிட்டு ஏறவே இல்லை. ஊரில் போய் இறங்கியபோது நன்றாகக் கறுத்திருந்தான். தெருமுனையில் அப்பா வைத்திருந்த பேனரிலோ, பிரிண்ட் போட்டவர் அவன் முகத்தை மைதாவில் புரட்டி எடுத்திருந்தார். அத்தை பேனரைப் பார்த்தாள், மார்க்கோவைப் பார்த்தாள், காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளைக்காரரு பின்னால வந்துகினு கீறாரா?"

"இவர்தான் அத்தை."

"இன்னாடி, நம்ம தெரு ஆளு மாரியே கீறாரு."

தெருவே சிரித்தது. ஒன்றும் புரியாமல் மார்க்கோவும் சேர்ந்து சிரித்தான். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைக்கார மாப்பிள்ளை வருகிறார் என்று கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியாரிடம் சொல்லி, முன்வரிசையில் இரண்டு நாற்காலிகளுக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது மார்க்கோ தன் கொள்ளுத்தாத்தா கதையைச் சொன்னான். நான் தமிழில் சொன்னேன். படி இறங்கிக் கீழேயா போக வேண்டும் என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். மேலே பாடும் பாட்டு கீழே கேட்குமா என்றும் கேட்டார். கேட்குமாம், நடக்கிறவர்களின் செருப்புச் சத்தமும் கேட்குமாம் என்றேன். அப்பாவின் கையிலிருந்த டீ ஆறிப்போனது.

காலையில் கோயில் வாசலில் உபதேசியாரும் மார்க்கோவைத் தாண்டித்தான் வெள்ளைக்காரரைத் தேடினார். நான் கை காட்டியதும் சமாளித்துக்கொண்டு நாற்காலியைத் துடைத்துவிட்டார். அப்பா அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு மார்க்கோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளைக்காரருக்குன்னா வேணாம்பா. எங்க தெருவுக்குன்னா போடு."

உபதேசியார் நாற்காலியை இன்னொரு தடவை துடைத்தார்.

"ஒங்களுக்கு இல்லாததா அண்ணாத்த, ஒக்காருங்க."

அப்பா உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் மார்க்கோவை உட்கார வைத்தார். அவன் கையை அவர் கடைசிவரை விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இங்கே நாங்கள் போகும் கோயிலிலும் பேஸ்மென்ட் இருக்கிறது. இப்போது அங்கே பூசை முடிந்ததும் காப்பியும் டோனட்டும் கொடுக்கிறார்கள். போன ஞாயிறு அங்கே நின்றுகொண்டிருந்தபோது போனில் அப்பாவின் படம் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய துண்டு கிடந்தது. அது எனக்கா, மாப்பிள்ளைக்கா என்று கேட்டேன். யார் முதலில் வருகிறீர்களோ அவர்களுக்கு என்றார். கையில் காப்பியோடு நிலவறையில் நின்றபடி, எங்களுக்காக அங்கே காலியாக இருக்கும் அந்த ஒற்றை நாற்காலியை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.