மட்டாஞ்சேரியில் நான் கேட்ட கேள்விகள்

2025 ஜனவரி 18, சனிக்கிழமை. வழக்கம்போல் காலை ஐந்தரைக்கு விழித்தேன். ரயில் பெட்டியில் இருந்ததால் நடைப்பயிற்சி மட்டும் தவறியது. முகம் மழித்து, ரத்த அழுத்த மாத்திரை போட்டு, முந்தைய நாள் குறிப்பை எழுதி முடித்தேன். 9.20க்கு எர்ணாகுளத்தில் இறங்கினேன். படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் ஆறு ரூபாய், இருபது நிமிடம். அங்கிருந்து மட்டாஞ்சேரி மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. ஆட்டோவுக்கு எழுபது ரூபாய்.

ஒரு மணி நேரம் நடந்தால் ஐந்தாறு மொழிகள் காதில் விழும் ஊர் என்று கேள்விப்பட்டிருந்தேன். இத்தனை விதமான மக்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஆட்டோ ஓட்டுநர் வைப்பின்காரர். அவரிடமே தொடங்கினேன்.

"தமிழ்நாடா? இங்க உங்களப் பாண்டின்னு விளிக்கும். கோவிக்கண்டா சேட்டா, எல்லாருக்கும் ஒரு பேருண்டு."

"குஜராத்திகளுக்கு என்ன பேர்?"

"நீங்க தங்கப் போறது குஜராத்தி வீடல்லே? அவிடெ போய்ச் சொல்லிரும். வேண்டா."

குஜராத்தி வீதியில் உள்ள அந்த வீட்டின் உரிமையாளர் ஹன்ஸாபென், அறுபது வயதைக் கடந்தவர். அவர் குடும்பம் கொச்சிக்கு வந்து ஐந்து தலைமுறை ஆகிறது. முன்புற அறைகள் இரண்டைப் பயணிகளுக்குக் கொடுக்கிறார். 11.40க்கு இஞ்சி போட்ட சாயா கொடுத்து, ஒரு வேலையும் கொடுத்தார். வீட்டின் பின்கட்டு காலியாக இருக்கிறது. ஒரு தமிழ்க் குடும்பம் கேட்கிறது. மாலையில் பார்க்க வருகிறார்கள்.

"மலையாளம் நல்லா பேசும். ஆனா ஆள் எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க ஆளுங்கள நீங்க பார்த்துச் சொல்லணும். மீன் பொரிக்கிற வாசனை எனக்கு ஆகாது, அத அவங்களோட நானே நேரா பேசியாச்சு. தமிழ்க்காரர் சத்தமா பேசும்னு எங்கப்பா சொல்லும். நீங்க அங்ஙனெ இல்ல."

"நான் வந்து அரை மணி நேரம்தானே ஆகிறது" என்றேன். சிரித்தார்.

ஓட்டுநர் சொன்னதையும் இவர் சொன்னதையும் குறிப்பேட்டில் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தேன். மதியம் சோறு, பருப்பு, வெள்ளரிப் பச்சடி.

4.10க்கு அவர்கள் வந்தார்கள். முத்துக்குமார், டைல்ஸ் பதிப்பவர். அவர் மனைவி செல்வி, ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. கொச்சங்காடியில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறார்கள். கட்டடத்தை இடிக்கப் போவதால் மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். மூத்த மகளுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு. பள்ளி இங்கிருந்து இரண்டு தெரு. இந்த வீடு இல்லையென்றால் பாலத்தைத் தாண்டி, தேவராவுக்கு அப்பால்தான் வீடு பார்க்க வேண்டும் என்றார் செல்வி.

ஹன்ஸாபென் அடுக்களைக்குப் போனார். நான் என் வேலையைத் தொடங்கினேன்.

"எந்த ஊரு?"

"சங்கரன்கோயில் பக்கம் சார்."

"அட, நான் திருநெல்வேலிதான். பக்கம்னா எந்த ஊரு?"

ஊரைச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஊர். ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன்.

"அங்கே எந்தத் தெரு?"

முத்துக்குமார் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, சிரித்த மாதிரிகூட இருந்தது.

"இந்தம்மா மீன் பொரிப்பியான்னு கேட்டாங்க. அது நான் என்ன செய்வேன்னு கேக்கது, பதில் சொல்லிரலாம். நீங்க தெருவக் கேக்கீங்க. பதினாலு வருஷமா இங்க ஒருத்தரும் அதக் கேட்டதில்ல சார். சொன்னாலும் அவுங்களுக்குப் புரியாது. ஊர்க்காரரக் கண்டாத்தான் பயமா இருக்கு."

"பேசாம இரிங்க" என்றார் செல்வி. பிறகு என்னிடம், "வீட்டப் பத்தி ஏதும் கேக்கணுமா சார்?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். பதினைந்து நிமிடத்தில் போய்விட்டார்கள்.

"எப்படி? நல்ல ஆளா?" என்றார் ஹன்ஸாபென்.

"காலையில் சொல்கிறேன்."

5.30க்கு யூதத் தெரு வரை நடந்தேன். கடைகளில் மிளகு வாசனை. ஒன்றிலும் மனம் நிற்கவில்லை. ஊர் விசாரிப்பது நம்மிடையே மரியாதை. அந்நிய இடத்தில் அது பாசமும்கூட என்றுதான் ஐம்பத்து மூன்று வயது வரை நம்பியிருக்கிறேன். ஊரோடு நிறுத்தியிருந்தால் பாசம். நம் பக்கத்துக் கிராமங்களில் தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகு ஹன்ஸாபென்னிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்? ஒன்றும் மாறியிருக்காது என்று உறுதியாக எழுதத்தான் குறிப்பேட்டைத் திறந்தேன். எழுதுமுன் பழைய பக்கங்களைப் புரட்டினேன். இந்த இரண்டு வருடப் பயணங்களில் சந்தித்த நம் பக்கத்துக்காரர்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஊரும் தெருவும் இருந்தன. தொழில் சில இடங்களில் விடுபட்டிருக்கிறது. தெரு ஓரிடத்திலும் விடுபடவில்லை. இத்தனைக்கும் சாதியைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. அந்த வரியை எழுதாமல் மூடினேன்.

மறுநாள் ஞாயிறு. 6.05க்கு, சாயாவுக்கு முன்பே, புறாக்களுக்குத் தானியம் இறைத்துக்கொண்டிருந்த ஹன்ஸாபென்னிடம் போனேன்.

"நீங்கள் என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. வீட்டுக்கு வேண்டிய ஒன்றையும் நான் அவரிடம் கேட்கவில்லை."

"பின்னே இத்தனை நேரம் என்ன கேட்டது?"

சொன்னேன். தெருவைக் கேட்டால் என்ன அர்த்தம் என்பதை விளக்கவே சில நிமிடம் பிடித்தது.

"ஓ. எங்க ஆளுங்க குடும்பப் பேர் கேக்கும். அதே சரக்கு, சாக்குதான் வேற" என்றார். கையைத் தட்டிவிட்டு, போனில் எண்ணைப் போட்டு என்னிடம் நீட்டினார். "தண்ணி நேரத்தச் சொல்லுங்க. மீன் மட்டும் வெளிய. அது சம்மதம்னா இன்னிக்கே சாவி வாங்கிக்கட்டும்."

முத்துக்குமார்தான் எடுத்தார். குழாயில் காலை ஆறு முதல் ஆறரை வரைதான் தண்ணீர் வரும், நாலு பேருக்குப் போதுமா என்று கேட்டேன்.

பின்னால் செல்வியின் குரல் கேட்டது. "யாரு, அந்த சாரா? இன்னும் என்ன கேக்காரு?"

"தண்ணி போதுமான்னு கேக்காரு" என்றார் முத்துக்குமார்.