ஐந்து கட்டத்திலும் மழை

நான் கிரேயானால் படம் போட்டால் வானத்திலிருந்து மழை கொட்டும் என்று ஒரு வாரம் முழுக்க நம்பினேன். அப்போது எனக்கு வயது ஒன்பது, நாலாம் வகுப்பு. ஒரு வாரம்தானே என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். அந்த வாரத்தில் நான் பட்ட பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் செலவு செய்திருந்தால் இன்றைக்கு வரைக்கும் வந்திருக்கும்.

எழுபதுகள் முடிகிற சமயம். மலையடிவாரத்தில், கோயிலின் பெரிய கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஓடு போட்ட ஆரம்பப் பள்ளிக்கூடம். எங்கள் டீச்சருக்கு எதுவும் வார முறைப்படி நடக்க வேண்டும். திங்கட்கிழமை வாய்ப்பாடு ஒப்பிக்கணும், புதன்கிழமை நகத்தை நீட்டணும், வெள்ளிக்கிழமை மத்தியானம் மன்றம் கூடும், அதில் எவனாவது கதை சொல்லப் போய்ப் பாதியில் மறந்து நிற்பான். இதெல்லாம் போக, திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை மந்திரிசபை மாறும். குப்பை பொறுக்க வைப்பவன் சுகாதார மந்திரி. பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பவள் தண்ணீர் மந்திரி. சுவரில் தொங்கும் அட்டையில் படம் போடுகிறவன் வானிலை மந்திரி.

அட்டையில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டம். மந்திரியானவன் தினமும் காலையில் வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துவிட்டு வந்து, வெயிலா மேகமா மழையா என்று அன்றைய கட்டத்தில் வரைய வேண்டும். எங்கள் ஊரில் வானிலை தெரிந்துகொள்ள யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. மலை உச்சி தெரிந்தால் துணி காயட்டும், தெரியாவிட்டால் கொடியிலிருந்து எடுத்துவிடு. அவ்வளவுதான் சாஸ்திரம். வெள்ளிக்கிழமை மன்றத்துக்கு முன்னால்தான் டீச்சர் அந்த அட்டையைக் கண்ணெடுத்துப் பார்ப்பார்.

என் முறை ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கு மண்டையைப் பிளக்கிற வெயில். கிரேயான் டப்பாவைத் திறந்தால் மஞ்சள் மொச்சைக்கொட்டை அளவுக்குத்தான் இருக்கிறது. எனக்கு முன்னால் பதவியில் இருந்தவர்கள் சூரியனாகப் போட்டுத் தீர்த்திருந்தார்கள். நீலம் மட்டும் முழுசாக இருந்தது. சூரியன் என்றால் வட்டம் போடணும், கதிர் இழுக்கணும், உள்ளே பூசணும். மழைக்கு நாலு கோடு போதும். தினமும் எழுந்து போக எனக்குச் சோம்பல். மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது ஐந்து கட்டத்திலும் மழையைப் போட்டுவிட்டுக் கோலி ஆடப் போனேன். வெள்ளிக்கிழமை வரைக்குமான நிர்வாகம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மலையைக் காணோம். உச்சி மட்டுமில்லை, அடிவாரம் வரைக்கும் காணோம். முதல் மணி அடித்து வாய்ப்பாட்டில் மிச்சம் இருந்தவர்கள் ஒப்பிப்பதற்குள் ஓட்டின் மேல் தடதடவென்று இறங்கிவிட்டது. என் பக்கத்தில் உட்காருகிறவன் ஜன்னலைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

“டேய், நீ நேத்தே போட்டுட்டியேடா,” என்றான்.

இடைவேளைக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமைக்கு இன்னும் ரெண்டு கோடு ஜாஸ்தியாகப் போட்டால் லீவு விடுவார்கள் என்று ஒருவன் மனு கொடுத்தான். தன் அக்கா கல்யாணத்தன்றைக்கு மழை வேண்டாம் என்று ஒருத்தி முன்கூட்டியே சொல்லி வைத்து, கையில் ஒரு கமர்கட்டையும் வைத்தாள். வாங்கிக்கொண்டு, பார்க்கலாம் என்றேன். சாயங்காலம் வரைக்கும் எனக்குக் கால் தரையில் இல்லை.

வீட்டுக்குப் போனேன். கால் தரைக்கு வந்தது.

வேங்கிக்கால் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை. இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸும் புது வீடுகளுமாக இருக்கிற அந்தப் பக்கம், அன்றைக்குக் கண்ணுக்கெட்டிய மட்டும் மல்லாட்டை. பாடப்புத்தகத்தில் நிலக்கடலை என்று எழுதியிருப்பது எங்கள் வாயில் வரும்போது மல்லாட்டை ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா செடியெல்லாம் பிடுங்கி, காயோடு வெயிலில் பரப்பிவிட்டு வந்திருந்தார். புதன்கிழமை ஆட்கள் வந்து செடியிலிருந்து காய் ஆய வேண்டும். எங்கள் வருஷத்துச் சாப்பாடும் அடுத்த வருஷத்து விதையும் அந்தக் கொல்லையில் மழையில் கிடந்தன.

அப்பா தலைத்துண்டைப் பிழிந்தபடி அம்மாவிடம் சொன்னார்.

“ஒரு நாள் தாங்கும், ரெண்டு நாள் தாங்கும். வெள்ளிக்கெழம வரைக்கும் இப்டியே வுட்டுச்சுனா காய்க்குள்ளயே மொள வந்துடும். அப்றம் ஒண்ணுத்துக்கும் ஆவாது.”

வெள்ளிக்கிழமை வரைக்கும். ஊரில் வேறு கிழமையே இல்லையா? அந்தக் கிழமை எங்கே எழுதியிருக்கிறது, யார் கையால் எழுதியிருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். அம்மா சோறு போட்டாள், தட்டை அப்படியே தள்ளி வைத்தேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் நாலு கோடும் நாலு கோடும் கூட்டிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். பிள்ளைகளெல்லாம் தெருவில் காகிதக் கப்பல் விட, நான் ஒருத்தன் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அழிப்பது ஒன்றுதான் வழி. நல்ல காலம், மதியச் சாப்பாடு சமைக்கிற ஆயா, ஒழுகல் அரிசி மூட்டையில் விழுகிறதா என்று பார்க்க வந்து கதவைத் திறந்து வைத்திருந்தார். நோட்டை வைத்துவிட்டுப் போய்விட்டேன் என்று புளுகினேன்.

“லீவு வுட்ட அன்னிக்குத்தான் ஒனக்குப் படிப்பு வருதா,” என்று கேட்டுவிட்டு உள்ளே விட்டார்.

கிரேயான் ரப்பருக்கு அழியாது என்பதை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கற்றேன். வியாழக்கிழமைக் கட்டத்தைத் தேய்க்கத் தேய்க்க மழை கட்டம் முழுக்கப் பரவியது. நாலு கோடாக இருந்தது இப்போது ஒரே வெள்ளம். எச்சில் தொட்டுத் தேய்த்தேன், இன்னும் மோசம். கடைசியில் அந்த மொச்சைக்கொட்டை மஞ்சளை எடுத்து அதன் மேலேயே ஒரு சூரியனைப் போட்டு அழுத்திப் பூசினேன். மஞ்சள் தீர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் சூரியன் பச்சையாக இருக்கிறது.

நீலத்தின் மேல் மஞ்சள் போட்டால் பச்சைதான் வரும், டீச்சர் ஒரு தடவை செய்தும் காட்டியிருக்கிறார். ஆனால் பயந்தவனுக்குப் பாடம் ஞாபகம் வருமா? எனக்கு ஞாபகம் வந்தது அப்பா சொன்னதுதான். காய்க்குள் முளை வரும். முளை என்றால் பச்சை. மழையை நிறுத்த வந்தவன் மல்லாட்டையை முளைக்க வைத்துவிட்டேன். ஆயா கதவைப் பூட்ட வந்தபோது நான் அட்டைக்குக் கீழே குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். பல் தந்தியடித்தது. நனைந்ததால் என்று அவர் நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக் கட்டம் தொடாமல் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமையும் லீவு. அப்பா என்னையும் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பரப்பியிருந்த செடிகளைக் குவித்து, மேலே தென்னங்கீற்றைப் போட்டிருந்தார்கள். அடியில் இருப்பதை மேலே புரட்டிவிட்டால் கொஞ்சமாவது காற்றுப் படும் என்று புரட்டிக்கொண்டிருந்தோம். அப்பா ஒரு காயைப் பிரித்தார். பருப்பின் முனையில் வெள்ளையாக, எறும்பு முட்டை அளவுக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அடுத்த காயைப் பிரித்தார். அதிலும் இருந்தது. மூன்றாவது காயைப் பிரிக்காமல் குவியலிலேயே போட்டுவிட்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா, நான்தான் போட்டுட்டேன் என்று ஆரம்பித்து மந்திரி பதவி, நீலக் கிரேயான், கமர்கட், பச்சை சூரியன் எல்லாவற்றையும் கொட்டினேன். மனசின் ஒரு மூலையில், அவர் சிரிப்பார் என்று நினைத்திருந்தேன். போடா பைத்தியக்காரா என்று முதுகில் ஒன்று வைத்திருந்தால்கூட என் பயம் அங்கேயே செத்திருக்கும்.

அவர் சிரிக்கவில்லை. மலை இருக்க வேண்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வெள்ளிக்கெழமைக்கு இன்னா போட்டிருக்க?”

“மழ.”

“போயி மாத்திட்டு வா,” என்றார்.

இன்றைக்கு என் வயது, அப்போது அப்பாவுக்கு இருந்த வயதைவிட ஜாஸ்தி. அவர் நம்பிச் சொன்னாரா, என்னைக் கண்முன்னாலிருந்து கிளப்பச் சொன்னாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதுவரைக்கும் நான் பயந்தது சின்னப்பிள்ளைப் பயம். பெரியவர் ஒருத்தரும் சேர்ந்து பயந்துவிட்டால் அது நிஜமாகிவிடுகிறது. ஓடினேன். பள்ளிக்கூடத்தில் பூட்டு தொங்கியது. ஆயா வரவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. மழை நிற்கவில்லை, லீவு மட்டும் நின்றுவிட்டது. மஞ்சள் கிரேயான் இல்லாததால் ஒரு வெள்ளைத்தாளில் அம்மாவின் மஞ்சள் தூளைக் குழைத்து வட்டம் போட்டு, சோற்றுப் பருக்கையைப் பசையாக வைத்துக்கொண்டு, மணி அடிப்பதற்கு முன்னாலேயே போய்க் கட்டத்தின் மேல் ஒட்டினேன். கொஞ்சம் கோணல். பரவாயில்லை, கோணல் சூரியனுக்கும் சூடு இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். மழை ஒரே சீராகப் பெய்தது. பசை காய வேண்டாமா, அவசரப்படாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குப் பார்த்து மன்றம் வரைக்கும் காத்திருக்காமல் டீச்சர் காலையிலேயே அட்டை முன்னால் போய் நின்றார். வெளியே கொட்டுகிறது, உள்ளே மஞ்சள் தூள் வாசனையோடு சூரியன். எட்டிப் பார்த்துட்டு வந்தாடா வரைஞ்ச என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அவர் விரல் தாளின் ஓரத்துக்குப் போனது.

“கிழிச்சிடாதீங்க டீச்சர்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஈரப்பசை, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அடியில் என் நாலு நீலக் கோடு.

“சரியாத்தானேடா போட்டிருக்க. இத எதுக்கு மூடி வெச்ச?”

கேட்டுவிட்டு, கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நான் பையைக்கூட எடுக்காமல் எழுந்து ஓடினேன். சர்க்கார் கையெழுத்து விழுந்த மழையை இனி யார் நிறுத்துவது? பின்னால் டீச்சர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வேங்கிக்கால் வரைக்கும் நிற்காமல் ஓடி, இளைத்துக்கொண்டே அப்பாவிடம், கிழிச்சிட்டாங்க நைனா என்றேன்.

“சரி வுடு. அந்தப் பக்கம் புடி,” என்றார். ரெண்டு பேருமாகச் செடியைப் புரட்டினோம்.

மழை அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் பெய்தது. சனிக்கிழமை மலை உச்சி தெரிந்தது. காய் ஆய்ந்து பார்த்ததில் பாதிக்கு மேல் முளை விட்டிருந்தது. மீதியை வீட்டுக்குள் பரப்பி ஒன்பது நாள் காய வைத்தோம், விதைக்கு எடுத்து வைக்கத் தேறவில்லை.